பௌர்ணமியன்று டிவியில் என் தங்கை

பௌர்ணமி வந்தால் எங்கள் வீட்டு வாசலில் லாட்ஜ் என்று போர்டு மாட்டிவிடலாம். செங்கம் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் வீடு கட்டியதற்கு அதுதான் தண்டனை. போளூர் பக்கமிருந்தும் சேத்துப்பட்டுப் பக்கமிருந்தும் சொந்தக்காரர்கள் மத்தியானமே வந்து இறங்குவார்கள். பையைப் போடுவார்கள், செருப்பை வாசலில் குவிப்பார்கள், அம்மா கிளறிய புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வெயில் தாழக் காத்திருப்பார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து வெறுங்காலோடு மலையைச் சுற்றக் கிளம்புவோம். அப்பா போன பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. எனக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை. வாரம் முழுக்க கூட்டத்தில் மனு வாங்குகிறவளுக்கு வீட்டிலும் கூட்டமா என்று சிடுசிடுப்பேன். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

போன வருஷம் ஒரு பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றுதான் என் தங்கை டிவியில் வந்தாள்.

அவளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. லீவு நாட்களில் எங்கேயோ மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாளாக நின்று ஜனங்களைச் சிரிக்க வைக்கிறாள் என்று தெரியும். என்ன பேசுகிறாள் என்று நாங்கள் கேட்டதில்லை. டிவி காமெடி நிகழ்ச்சியில் வாய்ப்புக் கிடைத்ததும் எனக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருமாம், நானும் அம்மாவும் மட்டும் பார்க்க வேண்டுமாம், சாயங்காலம் அவளே நேரில் வருவாளாம். அன்று பௌர்ணமி என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. திருவண்ணாமலையில் பிறந்துவிட்டுக் காலண்டர் பார்க்காதவளை என்ன சொல்வது! நான் சொன்னதில் அம்மா நாலு மணியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, சொந்தம் பூராவுக்கும் போன் போட்டு, சீக்கிரமே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

நாலு மணிக்குக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சித்தப்பா டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள், ஏதோ அவளைத்தான் டிவியில் காட்டப் போகிறார்கள் என்பதுபோல.

திரையில் தங்கை வந்தாள். தன்னைப் பெண் பார்க்க வந்த கதையைத் தொடங்கினாள். மாப்பிள்ளையோடு அவருடைய தங்கச்சியும் வந்தாளாம். "எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான் அந்தத் தங்கச்சியப் பாத்தேன். கேசரி குடுக்கறப்ப கை நடுங்குச்சு. எங்கம்மா பெருமையா, பொண்ணுக்கு வெக்கம் ஜாஸ்தின்னாங்க. மாப்பிள்ளையப் புடிச்சிருக்கான்னு கேட்டாங்க. குடும்பத்தப் புடிச்சிருக்குன்னேன்."

கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கூடத்தில் நடந்தது அது. அவள் கை நடுங்கிக் கேசரி பாயில் சிந்தியதும், அதைத் துடைத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. துடைத்தவள் நான்தான்.

அடுத்து அவள் கேமராவை நேராகப் பார்த்தாள். "எனக்குப் பொண்ணுங்களத்தான் புடிக்கும். எங்க வீட்டுக்கு இது இப்பத்தான் தெரியும். அம்மா, டிவிய ஆஃப் பண்ணிடாத, இன்னும் கொஞ்சம் இருக்கு."

இதற்குத்தான் சித்தப்பா எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார், தொடையைத் தட்டித் தட்டி. கையில் முறுக்குத் தட்டோடு நின்றவள் அப்படியே நின்றேன். சின்ன வயசிலிருந்து என்னோடு ஒரே பாயில் படுத்துத் தூங்கியவள், என் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு என்னோடு சண்டை போட்டவள், முகம் தெரியாத ஜனங்களிடம் சொல்கிறாள், நான் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். அதிர்ச்சியா கோபமா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வரவில்லை. அம்மாவைப் பார்த்தேன். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். டிவியை ஆஃப் பண்ணவில்லை.

பௌர்ணமி என்பதால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தங்கை அங்கிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். வாசலில் குவிந்திருந்த செருப்பைப் பார்த்ததுமே அவள் முகம் வெளுத்துவிட்டது. சித்தப்பா எழுந்துபோய் அவள் தோளைத் தட்டினார். நெசம் மாதிரியே நடிச்சுட்ட பாப்பா, என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"டிவிக்காரங்க எழுதிக் குடுத்ததப் பேசினா. அவ்ளோதான்."

"எழுதினது நான்தாம்மா."

"சரி சரி. காப்பி குடி."

சித்தி திடீரென்று பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், நேரமாகிறது என்று வெளியே போய்விட்டார்.

நான் அவளைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஊருக்கே சொன்னவள் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"உங்கிட்ட சொன்னா நீ அழுவக்கா. அங்க சொன்னா சிரிக்கறாங்க. மொதல்ல சிரிக்கறவங்ககிட்ட சொல்லிப் பாக்கலாம்னு தோணுச்சு."

நான் அப்போது அழுதுகொண்டுதான் இருந்தேன். எனக்கு அவள் மேல் இன்னும் கோபம் வந்தது. டிவி பார்த்தபோது அம்மா என்ன சொன்னாள் என்று தங்கை மெதுவாகக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அம்மா இதை நடிப்பென்றே வைத்துக்கொண்டால் இனி இந்த வீட்டுக்குத் தான் யாராக வருவது என்றாள்.

மலை சுற்றக் கிளம்பினோம். சித்தப்பா கூட்டம் கொஞ்சம் முன்னால் போயிற்று. அம்மா எங்களுக்கு நாலடி முன்னால், திரும்பிப் பாராமல் நடந்தாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். ஆசிரமம் தாண்டிச் சுக்குக் காப்பிக் கடைப் பக்கம் சித்தப்பா எங்களுக்காக நின்றார். அங்கே கல்லூரியில் படிக்கிற வயசுப் பெண் ஒருத்தி தன் கூட்டத்தை விட்டு ஓடிவந்து தங்கையின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, டிவியில வந்தது நீங்கதான? அது நெசமா, இல்ல சும்மா காமெடிக்கா?"

செல்பி கேட்க வந்தவள் மாதிரி இல்லை. பதிலைக் கேட்காமல் நகர மாட்டாள் போலிருந்தது. தங்கையின் கண் அம்மாவின் முதுகில் இருந்தது. அம்மா நின்றாள். திரும்பி வந்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"நெசம்தாம்மா. இவ என் பொண்ணு. இவளுக்குப் பொய் சொல்ல வராது."

சித்தப்பா காதில் விழட்டும் என்றேதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.