நடுப்பாலத்தில் ஒரு சந்திப்பு

கார்ச் சில்லுகள் இரும்புச் சல்லடைத் தளத்தின்மேல் ஓடும்போது அந்தப் பாலம் முரலும். பெரிய வண்டொன்று ஆற்றுக்கு மேலே சிக்கிக்கொண்டதுபோல, நடப்பவரின் உள்ளங்கால் வழியாக ஏறிப் பல்லில் போய் நிற்கும் ஒலி அது. ஒட்டாவா ஆற்றின் இந்தக் கரை எங்கள் ஒன்ராறியோ மாகாணம், அந்தக் கரை கியூபெக் மாகாணம். பன்னிரண்டு வயதில் முதன்முதலாக அதில் கால் வைத்தபோது இன்னொரு நாட்டுக்குப் போகிறேன் என்றே நம்பினேன். என்னைவிட உறுதியாக நம்பியவர் அப்பா.

நாங்கள் கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட்டின் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்துகொண்டு, அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தோம். வீட்டில் அதற்குப் பெயர் "கேஸ்". கேஸ் பற்றிய சட்டங்களை எங்களுக்கு இயற்றித் தந்தவர் மூன்றாம் மாடி அங்கிள். முடிவு வருவதற்குள் மாகாணம் தாண்டினால் "கேஸ் அடிபட்டுப்போம்" என்று அவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். பின்னாளில் அதே விண்ணப்பங்களை வாங்கும் கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படியொரு விதி எந்தக் கோப்பிலும் இல்லை. ஆனால் ஆனையிறவு இராணுவச் சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து பழகியவர்களிடம், ஓர் ஆற்றைச் சும்மா தாண்டலாம் என்று சொன்னால்தான் சந்தேகம் வரும்.

சிக்கல் என்னவென்றால், அம்மாவின் ஒரே தங்கை அக்கரையில், ஹல் நகரில் இருந்தார். அவருக்கும் கேஸ். அங்கேயும் ஓர் அங்கிள் இருந்திருக்க வேண்டும், அதே சட்டம் அங்கேயும் அமுலில் இருந்தது. சின்னம்மாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து இரண்டு மாதம். பார்க்க முடியவில்லையே என்று அம்மா சமையலை அப்படியே விட்டுவிட்டு அழத் தொடங்கிய பிறகு, அப்பாவும் சித்தப்பாவும் தொலைபேசியில் பேசி ஒரு வழி கண்டார்கள். பாலத்தின் நடுவில் சந்திப்பது, ஒருவரும் தாண்டுவதில்லை.

ஒட்டாவாவில் போய் இறங்கியதும் நகரப் பஸ் எடுக்க அப்பா சம்மதிக்கவில்லை. "உந்தப் பஸ்ஸுகள் கேளாமல் கொள்ளாமல் அங்காலை போயிடும்," என்றார். ஆகவே நகரத்தை நடந்தே கடந்தோம். கேஸ் கடதாசிகள் நிறைந்த தோற்பையை நெஞ்சோடு அணைத்தபடி அப்பா முன்னே, பயற்றம்பணியாரம் நிறைத்த தகரப் பேணியோடு அம்மா பின்னே, நான் இருவரையும் முந்தி ஓடுவதும் திரும்பி வருவதுமாக. பச்சைக் கூரைப் பாராளுமன்றம், கால்வாயின் மதகுகள், பிறகு திடீரென்று ஆற்றின் அகலம். வெளிநாடு போகிறவளுக்கு எங்கே கால் நோகும்.

பாலத்தில் ஏறிய பிறகுதான் திட்டத்தின் குறை தெரிந்தது. எல்லை எங்கே என்று காட்ட ஒரு கோடும் இல்லை. அப்பா, நடு என்று தான் மதித்த இடத்துக்கு வெகு முன்னாலேயே பாதுகாப்பாக நின்றுவிட்டார். எதிரே சின்னம்மாவோடு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த சித்தப்பாவும் அதே முன்யோசனைக்காரர். இடையில், நடைபாதையில், எவருக்கும் சொந்தமில்லாத நீளமான பலகைத் தரை. நாயோடு ஒருவர் அதைச் சாதாரணமாகக் கடந்து போனார்.

"அக்கா, நல்லா மெலிஞ்சு போனாய்," என்றார் சின்னம்மா.

"என்னடி? காத்திலை ஒண்டும் கேக்கேல்லை."

"இன்னும் கொஞ்சம் வாங்கோ அண்ணை," என்றார் சித்தப்பா.

"ஏன், நீர் வாருமன்," என்றார் அப்பா. இருவரும் அசையவில்லை.

சித்தப்பாவின் பார்வை என்மேல் விழுந்தது. "பிள்ளையளுக்குக் கேஸ் இல்லைத்தானே. உவள் வந்து தூக்கிக்கொண்டு போகட்டும்."

சட்டம் அந்த இடத்திலேயே திருத்தப்பட்டது. அப்பா தலையசைக்கும் முன்பே நான் கியூபெக்குக்குள் ஓடியிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ எல்லைகளை முத்திரை குத்தித் தாண்டியிருக்கிறேன். நெஞ்சு அப்படி அடித்ததில்லை. துணியில் சுற்றிய குழந்தையைச் சித்தப்பா என் கையில் வைத்தார். திரும்பி நடந்தேன். நடுவில் வரும்போது லொறியொன்று போக, பாலம் முரன்றது. குழந்தை வீரிட்டு முதுகை வளைத்தது.

"தலையைப் பிடி," என்று கத்தினார் அம்மா. "தலையைப் பிடியடி."

பின்னாலிருந்து சின்னம்மாவும் அதையே கத்தினார். இரண்டு மாகாணங்களிலிருந்தும் இருவரும் ஓடி வந்தார்கள். முதலில் பிடித்தது யார் என்று தெரியாது, ஒரே நேரத்தில் நாலு கைகள் அந்தத் தலையில் இருந்தன. குழந்தை அடங்கியதும் அதை என்னிடமே விட்டுவிட்டு, இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று கீழே பார்க்கவே இல்லை.

அப்பா பணியாரப் பேணியையும் தூக்கிக்கொண்டு மெல்ல வந்தார். "சரி, கேஸ் போச்சு," என்றார். "தேத்தண்ணியையாவது குடிச்சிட்டுப் போவம்."

அக்கரையில் இறங்கியதும் தோற்பையைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். கடதாசி கேட்க ஒருவரும் இல்லை. கொஞ்சம் ஏமாந்துதான் போனார். கேஸும் அடுத்த வருடம் சரிவந்தது.

இன்று அப்பா இல்லை. வீடு மாறியதில் தோற்பை எங்கோ போயிற்று. பாலத்தையும் இடித்துப் புதிதாகக் கட்டப் போவதாகப் பேசுகிறார்கள் என்பதால், இந்தக் கோடையில் ஒருமுறை நடந்துவிட்டு வரப் போனேன். துணைக்கு வந்தவன் அந்தக் குழந்தை. பிறம்ரனில் சொந்தமாக லொறி ஓட்டுகிறான், முன்னந்தலை முழுக்க வழுக்கை. நடுவில் நின்று வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"பாலத்திலை நிக்கிறம் அம்மா."

"அவனும் நிக்கிறானோ?"

"ஓம், பக்கத்திலைதான்."

"உங்கை காத்து அடிக்கும்," என்றார் அம்மா. "தலையைப் பிடிச்சுக்கொள்."