அவர் பேசி முடிக்கும்வரை

என் அக்காவின் கணவரும் நானும் கடலூர் கோர்ட் பக்கத்தில் ஒரே அறையில் பதினாறு வருடம் வக்கீல் தொழில் செய்தோம். அவருக்குக் கொள்ளிடக் கரை விவசாயிகளின் வழக்குகள்தான் அதிகம். கடல் நீர் உள்ளே ஏறி, கிணறெல்லாம் உப்பாகிப்போன ஊர்கள். அந்த ஊர்க்காரர்கள்தான் அவரை எம்.பி. தேர்தலில் நிற்க வைத்தார்கள். ஜெயித்து டெல்லிக்குப் போனார்.

மறு வருடம் குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்தபோது அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். அந்த வாரம்தான் உப்பு நீர் விஷயமாக மாமா சபையில் பேசுவதாக இருந்தது.

“அவுரு பேசி முடிக்கட்டும். அதுக்கு முன்னால வாயத் தொறக்காத,” என்றாள் அக்கா.

“தப்புக்கா. அப்புறம் என்னத்தான் கேப்பாரு.”

“கேட்டா, நான்தான் சொன்னேன்னு சொல்லு.”

தினமும் மாமா போன் செய்வார். அல்சர் என்று சொல்லிவைத்தோம். அக்கா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, குரலைச் சரிசெய்துகொண்டுதான் பேசுவாள். சபையில் தினமும் அமளி. அவர் முறை தள்ளிக்கொண்டே போய், ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று. எத்தனையோ முறை அவரைக் கூப்பிடப் போனேன். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு போனைக் கீழே வைத்தேன்.

கடைசியில் ஒரு மத்தியானம் பேசினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து என் போனில் பார்த்தோம். நாலே நிமிடம்.

“குளிருக்கு ஒரு ஸ்வெட்டர்கூடப் போடல பாரு,” என்றாள் அக்கா.

அவர் பேசி உட்கார்ந்ததும் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் காலை அவர் சென்னையில் இறங்கி, காரில் திண்டிவனம் தாண்டும்போது அக்கா போய்விட்டாள்.

காரியம் முடிகிறவரை அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. உறவினர்கள் கிளம்பிப் போனபின் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

“அந்தப் பேச்சு எனக்கு எதுக்கு மச்சான்?” என்றார்.

அக்காதான் தடுத்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதவிக்காலம் முடிந்ததும் அவர் மறுபடி நிற்கவில்லை. எங்கள் அறைக்கும் திரும்பவில்லை. சிதம்பரத்தில் வாடகைக்கு இடம் பிடித்துத் தனியாகப் பிராக்டிஸ் செய்கிறார்.

போன மாதம் ஒரு வாய்தாவுக்காகச் சிதம்பரம் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் கோர்ட் வராந்தாவில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். கொஞ்ச நேரம் தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“அவ வலியில ரொம்பக் கத்துனாளா?”

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. எனக்கு இன்னொரு முறை பொய் சொல்ல முடியவில்லை.

“கத்துனா மாமா. கடைசி ஒரு வாரம் ஜாஸ்தி.”

தலையாட்டினார். சாப்பிடாமலே பாக்ஸை மூடினார். உள்ளே டவாலி அவருடைய கட்சிக்காரரின் பெயரைக் கூப்பிட, கவுனை மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.