எக்ஸ்ரே அக்கா பட்டம் வாங்கிய விதம்

"கலை வரலாறு இளங்கலைப் படிப்பில் சேரும் மாணவர், பள்ளிக் கல்வியை அண்மையில் முடித்தவராகவும், தக்க வழிகாட்டல் இன்றித் தாமாக முடிவெடுக்க இயலாத இளம் பருவத்தினராகவும் இருப்பதால், அவருடைய ஒழுக்கத்துக்கும் வருகைக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும்."

விண்ணப்பப் படிவத்தின் நான்காம் பக்கம் இப்படிச் சொன்னது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இளம் பருவத்தினருக்கு வயது ஐம்பத்திரண்டு. இடது முழங்காலில் வலி, இரண்டு மூக்குக் கண்ணாடிகள், அரசு மருத்துவமனையின் அடித்தளத்தில் இருபத்துநான்கு வருடம் எக்ஸ்ரே எடுத்த அனுபவம், விருப்ப ஓய்வு. பெற்றோர் இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"பாதுகாவலர்னு போட்டிருக்கே, யார் கையெழுத்துப் போடறது?" என்று கேட்டார்.

கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "உன் ஒழுக்கத்துக்கெல்லாம் நான் பொறுப்பேத்துக்க முடியாது. முப்பது வருஷமா பாத்துட்டிருக்கேன்."

கடைசியில் மகள்தான் போட்டாள். அவள் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளர். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். 'மாணவருடன் உறவு' என்ற கட்டத்தில் 'மகள்' என்று எழுதிவிட்டு, தாயைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னாள்: "ஒழுங்கா காலேஜுக்குப் போகணும். வெளியில சுத்தினேன்னு யாராவது வந்து சொன்னா எனக்குத்தான் அசிங்கம்."

ஓய்வு பெற்றவர்கள் தோட்டம் போடுவார்கள், சர்க்கரை அளவு பார்த்துக்கொள்வார்கள். இவர் ஏன் சுவரில் மாட்டுகிற படங்களைப் படிக்கப் போனார் என்பது சொந்தக்காரர்கள் பலருக்கும் புரியாத விஷயம். காரணம் மருத்துவமனையின் ஒரு விதியில் இருந்தது. எக்ஸ்ரே எடுப்பவர் படத்தில் என்ன தெரிகிறது என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. எலும்பு இரண்டாகப் போயிருப்பது பட்டப்பகல் மாதிரி தெரியும். நோயாளி, "என்னம்மா தெரியுது?" என்பார். "டாக்டர் பாத்துச் சொல்வாரு" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். இருபத்துநான்கு வருடம், ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை, இதே வாக்கியம். சில சமயம் டாக்டர் பார்த்துத் தப்பாகவும் சொல்வார். அப்போதும் வாயைத் திறக்க முடியாது.

ஓய்வு பெற்ற மாதத்தில் கல்லூரி வாசலில் தொங்கிய ஒரு அறிவிப்பில், 'கலை வரலாறு: படத்தைப் பார்த்து, பார்த்ததைச் சொல்லும் பயிற்சி' என்று கண்டார். பார்த்ததைச் சொன்னால் மதிப்பெண் தருகிறார்கள்! அன்றே படிவம் வாங்கிவிட்டார்.

வகுப்பில் மொத்தம் இருபத்துமூன்று பேர். மற்ற இருபத்திரண்டு பேரும் அவருடைய மகளைவிடச் சின்னவர்கள். முதல் வாரத்திலேயே 'எக்ஸ்ரே அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு ஆண்டுகள் மனதில் நிற்காது. ஒரு கோபுரத்தை இருநூறு வருடம் முன்னால் கட்டிவிடுவார், ஒரு ஓவியரை அவர் பிறப்பதற்கு முன்பே சாகடித்துவிடுவார். ஆனால் படம் என்று வந்துவிட்டால், யாரும் பார்க்காததைப் பார்ப்பார். ஒரு ஓவியத்தில் இளவரசியின் முழங்கை இயற்கைக்கு ஒவ்வாமல் வளைந்திருக்கிறது என்றும், வரைந்தவர் மாதிரிப் பெண்ணை மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதியை ஊகத்தில் முடித்திருக்கிறார் என்றும் ஒரு முறை சொன்னார். பேராசிரியருக்கு அது பிடித்திருந்தது. தம்முடைய படத்தில் அக்கா கைவைக்கும்வரை எல்லாமே அவருக்குப் பிடித்திருந்தது.

அது கைப்பேசியில் எல்லாப் படமும் வந்து விழுகிற காலத்துக்குச் சற்று முந்தையது. துறையில் இருட்டாக்கிய ஒரு கூடம், ஒரு புரொஜெக்டர், அட்டைச் சட்டமிட்ட நாலாயிரம் ஸ்லைடுகள். அவற்றை ஆண்டது ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கியிருந்த ஒரு உதவியாளர். ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டியிருக்கும்; அந்தப் புள்ளி கட்டைவிரலுக்கு அடியில் வருகிற மாதிரி பிடித்துச் சொருகினால் படம் சரியாக விழும். அவர் படங்களைப் பார்ப்பதே இல்லை. புள்ளியைப் பார்ப்பார்.

பேராசிரியரின் படம் என்று சொன்னது, இருநூறு வருடத்துக்கு முன் அதிகம் பெயர் தெரியாத ஒரு ஓவியர் வரைந்த ஒரு தானிய வியாபாரியின் உருவப்படம். வியாபாரி கறுப்புக் கோட்டு போட்டு, மார்பில் கைவைத்து, நம்மை நேராகப் பார்க்கிறார். மூல ஓவியம் தொலைவில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் இருந்தது. இளம் வயதில் ஒரே ஒரு முறை அங்கே போய், ஸ்லைடு எடுத்து வந்தவர் பேராசிரியர். அவர் கண்டுபிடித்த உண்மை இது: வியாபாரி சத்தியம் செய்கிறார், ஆனால் கை இருப்பது அவருடைய வலது மார்பில். இதயம் இல்லாத இடத்தில் கைவைத்துச் சத்தியம் செய்கிற கபடத்தை ஓவியர் ரகசியமாகக் கேலி செய்கிறார். இந்தக் கருத்தில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. பத்தொன்பது வருடமாக இறுதித் தேர்வின் கடைசிக் கேள்வியும் அதுவே.

மூன்றாம் வருடம் அந்தப் படம் திரையில் விழுந்தபோது, பேராசிரியர் நீண்ட கோலால் வியாபாரியின் வலது மார்பை மூன்று தட்டு தட்டினார். "இங்கே இதயம் உண்டா?"

வகுப்பு, "இல்லை சார்" என்றது.

அக்கா கையைத் தூக்கினார். "சார், சில பேருக்கு வலப்பக்கம் இருக்கும். என் சர்வீஸ்ல ரெண்டு பேரப் பாத்திருக்கேன். ரெண்டு பேருமே நல்லவங்க."

கூடம் சிரித்தது. பேராசிரியரும் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"ஆனா அப்படி ஒரு படம் வந்தா, நாங்க மொதல்ல நோயாளியைச் சந்தேகப்பட மாட்டோம் சார். படத்தைத் திருப்பி மாட்டிட்டோமான்னுதான் பாப்போம். இவரு கோட்டுல பொத்தான்கூட பொம்பளைங்க சட்டை மாதிரி எதிர்ப்பக்கமா இருக்கு."

"அதுவும் கேலிதான்!" என்றார் பேராசிரியர், மகிழ்ச்சியுடன். "நல்லாக் கவனிச்சீங்கம்மா. இதை நான் கட்டுரையில சேக்கறேன்."

தப்பைக் காட்டினால் அது சாட்சியாக மாறிவிடுகிற இந்த வித்தையை அக்கா மருத்துவமனையிலும் பார்த்திருக்கிறார். உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் உதவியாளரின் அறைக்குப் போனார்.

"அண்ணே, அந்த வியாபாரியை ஒரு நிமிஷம் குடுங்க."

ஸ்லைடை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ஃபிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். எது பார்ப்பவர் பக்கம் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மூன்று நொடி போதுமானதாக இருந்தது. புள்ளி அட்டையின் தப்பான பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. பத்தொன்பது வருடமாக வியாபாரி கண்ணாடியில் தெரிகிறவர் மாதிரி இடம் வலம் மாறி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, இது திரும்பியிருக்கு."

"தங்கச்சி, புள்ளி பாக்கறது என் வேலை. படம் பாக்கறது உங்க வேலை. நான் உங்க வேலையில தலையிடறேனா?"

அக்கா பேராசிரியரின் அறைக்குப் போய் நயமாகச் சொல்லிப் பார்த்தார். ஸ்லைடைக் கையில் கொடுக்கவும் செய்தார். அவர் அதைத் தொடவில்லை. "அம்மா, இதைப் பத்தி நான் கட்டுரை எழுதியிருக்கேன்" என்றார். அதன் பொருள், 'டாக்டர் பாத்துச் சொல்வாரு' என்பதுதான். அக்காவுக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும்.

சிக்கல் இங்கே தொடங்கியது. இறுதியாண்டு ஸ்லைடுத் தேர்வில் தேறாவிட்டால் பட்டம் இல்லை. ஐந்து படங்கள், முதல் நான்குக்கும் தலா பதினைந்து மதிப்பெண், வியாபாரிக்கு மட்டும் நாற்பது. தேற ஐம்பது வேண்டும். முதல் நான்கும் ஆண்டு, நூற்றாண்டு என்று கேட்கிற படங்கள். அவற்றில் அக்காவுக்கு முப்பத்தைந்து வந்தாலே அதிசயம். மீதிக்கு வியாபாரியைத்தான் நம்ப வேண்டும்.

மகள் இரவுச் சாப்பாட்டின்போது பாதுகாவலராகப் பேசினாள். "அம்மா, அவரு என்ன சொன்னாரோ அதை எழுதிட்டு வந்துடு. பதினஞ்சு மார்க்தானே. இருபத்துநாலு வருஷம் வாயை மூடிட்டு இருந்தியே, இன்னும் ஒரு மணி நேரம் மூடினா என்ன?"

"அப்ப சம்பளம் குடுத்தாங்கடி" என்றார் அக்கா.

"ஃபெயில் ஆயிடுவே."

"ஆனா என்ன, உன் கையெழுத்துதான் இருக்கு. உனக்குத்தான் அசிங்கம்."

கணவர், இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம், உதவியாளருக்கு ஸ்லைடுகளைத் துடைத்து அடுக்க ஆள் தேவைப்பட்டது. அக்கா உதவினார். வேறு உதவியும் செய்தார்: நகத்தால் ஒரு சிவப்புப் புள்ளியை மெல்லப் பிய்த்து, அட்டையின் மறு முகத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். உதவியாளர் ஜன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூடம் இருட்டானது. முதல் நான்கு படங்களும் எப்படியோ போயின. ஐந்தாவது படத்தைப் புள்ளி பார்த்து, கடமை தவறாமல் சொருகினார் உதவியாளர். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக வியாபாரி நேராக வந்து நின்றார். வலது கை, இடது மார்பின் மேல், அழுத்தமாக.

அக்கா காத்திருந்தார். இப்போது யாராவது கூச்சல் போடுவார்கள். பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வருவார்.

ஒன்றும் நடக்கவில்லை.

பேராசிரியர் கதவருகே திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். "இந்தப் படத்தை நீங்க பாக்கவே வேண்டாம்" என்றார் அன்புடன். "உங்களுக்கே மனப்பாடமா தெரியும்." இருபத்திரண்டு பேரும் சொன்னபடி கேட்டார்கள். ஒரு பார்வை பார்த்தார்கள், குனிந்தார்கள், இதயம் இடது மார்பில் இருக்க வியாபாரி வலது மார்பில் கைவைத்திருக்கும் கபடத்தைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எதிரே பத்தடி உயரத்தில் வியாபாரி தம் இதயத்தின் மேல் கைவைத்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஏழு வரி எழுதினார். "படத்தில் இருப்பவர் நடுத்தர வயது ஆண். வலது கை இடது மார்பின் மேல் உள்ளது. இதயம் இருக்க வேண்டிய இடமும் கை இருக்கும் இடமும் பொருந்துகின்றன. கோட்டின் பொத்தான்கள் ஆண்களுக்கு வழக்கமான பக்கத்தில் உள்ளன. முகத்தில் களைப்பு தெரிகிறது, நெடுநேரம் நின்றிருக்கலாம். பொய்ச் சத்தியத்துக்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. முன்பு கூறப்பட்ட மாறுபாடு, ஸ்லைடு திரும்பியதால் ஏற்பட்டது எனக் கருத இடமுண்டு."

விடைத்தாள் வந்தது. முதல் நான்கில் முப்பத்தாறு. அவருடைய வாழ்நாள் சாதனை. ஐந்தாவதில் பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில், 'தயவுசெய்து படத்தைப் பாருங்கள்.'

அக்கா தாளை எடுத்துக்கொண்டு போனார். "பாக்கலாம் சார். நீங்களும் வாங்க."

மறுமதிப்பீடு கேட்கும் உரிமை எல்லா மாணவருக்கும் இருந்ததால் பேராசிரியர் வந்தார். உதவியாளர் விளக்கை அணைத்தார். பேராசிரியர் கோலை எடுத்து, வழக்கம்போலத் திரைக்கு அரை முதுகைக் காட்டி நின்று, வழக்கம்போலத் தட்டினார். "இங்கே கை இருக்கா இல்லையா?"

கோல் வெறும் கறுப்புக் கோட்டைத் தட்டியது.

"இல்லை சார்" என்றார் அக்கா.

அவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி அதே இடத்தைத் தட்டினார், கை ஒருவேளை வந்து சேரும் என்பதுபோல. வரவில்லை. இரண்டு சாண் தள்ளி, பொறுமையாக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"யாரு இதைத் திருப்பினது?"

"நான்தான் சார், தேர்வுக்கு முந்தின நாள். அதுக்கு முன்னாடி யாரு திருப்பினாங்கன்னு தெரியல."

உதவியாளர் ஸ்லைடை வெளியே எடுத்து, அட்டையில் புள்ளி முன்பு இருந்த பக்கத்தில் எழுதியிருந்த தலைப்பை வெளிச்சத்தில் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகப் புள்ளியைத் தவிர வேறொன்றைப் பார்த்தார். "உங்க கையெழுத்துதான் சார். அப்பவே அழகா இருந்திருக்கு."

"தேர்வுப் பொருள்ல கைவைக்கறது குற்றம், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார். என் பாதுகாவலருக்குச் சொல்லி அனுப்புங்க. ஆனா சார், அன்னைக்கு இந்தக் கூடத்துல இருபத்தஞ்சு பேர் இருந்தோம். இது திரும்பினது வேற ஒருத்தர் கண்ணுலயும் படலியே?"

பேராசிரியர் முன்வரிசை மேசையில் உட்கார்ந்தார். நெடுநேரம் படத்தைப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். பிறகு, "களைப்பாத்தான் இருக்காரு" என்றார்.

இருந்தாலும் அவர் அறிஞர். ஒரே பார்வையில் தோற்க முடியாது. அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினார். அக்காவின் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு மாதம் கழித்து அந்த ஓவியத்தை அச்சிட்ட ஒரு அஞ்சலட்டை வந்தது. அதில் வியாபாரி இடது மார்பில் கைவைத்திருந்தார்.

அக்காவுக்கு ஐந்தாவது கேள்வியில் பதினான்கு மதிப்பெண் கிடைத்தது. மொத்தம் சரியாக ஐம்பது. 'கவனிப்பு நன்று, நடை மருத்துவ அறிக்கை போல உள்ளது' என்று எழுதியிருந்தார் பேராசிரியர். திரையில் இல்லாத கையைப் பற்றி எழுதிய இருபத்திரண்டு பேருக்கும் முப்பதுக்கு மேல் ஏற்கெனவே போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. அதை யாரும் தொடவில்லை. ஸ்லைடு விஷயத்தை யாரும் மேலிடத்துக்குச் சொல்லவும் இல்லை. அடுத்த வருடம் பேராசிரியர் பழைய கட்டுரையைத் திருத்தி வெளியிட்டார். அதில் நன்றி, அருங்காட்சியகத்துக்கு.

பட்டச் சான்றிதழைப் பாதுகாவலர் இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டமிட்டு மாட்டினாள். அதில் 'முறையாகப் பயின்று தேர்ச்சி பெற்றார்' என்று இருக்கிறது. அக்கா செய்தது இதுதான்: ஒரு சிவப்புப் புள்ளியைப் பிய்த்து மறு பக்கத்தில் ஒட்டினார், பிறகு திரையில் தெரிந்ததை எழுதினார்.