சொன்னதைச் சொன்னபடி: றஞ்சிதம் அக்காவின் நினைவாக

பத்திரிகை அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலையில் தவம் அண்ணையின் அழைப்பு வந்தது. றஞ்சிதம் அக்காவின் வீட்டைக் கட்டிய மேசன் அவர். வழக்கமாக என்னிடம் பேசத் தொடங்கினால் முதலில் வெயிலைப் பற்றிச் சொல்வார். அன்று நேரே சொன்னார்.

"தங்கச்சி, றஞ்சிதம் அக்கா போட்டா. வளவுக்குள்ளை பூமரத்துக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டவவாம். அப்பிடியே விழுந்திட்டா. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக முதலே எல்லாம் முடிஞ்சுது."

இரண்டு ஒழுங்கைகள் தள்ளித்தான் என் வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது உடுவிலின் பாதிச் சனம் அந்த வளவில் நின்றது. லண்டனில் அரை ஆயுளைக் கழித்துவிட்டு, ஊருக்குத் திரும்பிச் சில வருடங்களே வாழ்ந்த ஒருவருக்கு இத்தனை பேர் வருவார்கள் என்று அவரது சொந்தக்காரரே எதிர்பார்த்திருக்கவில்லை. வந்து நின்ற உங்களுக்குக் காரணம் தெரியும். தெரியாதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் சந்தித்தது ஒரு சண்டையில். எங்கள் பத்திரிகையில் ஒரு விபத்துச் செய்தி வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் வாகனங்களைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவதால் விபத்துகள் பெருகிவிட்டன என்பது தலைப்பு. மறுநாள் காலை, பருத்திச் சேலையும் கறுத்தச் சப்பாத்தும் அணிந்த ஒருவர் பத்திரிகையைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவரோடு பேச ஆசிரியர் என்னை அனுப்பினார்.

"பிள்ளை, இந்தச் செய்தியை வாசி. தலைப்பை விட்டிட்டு வாசி."

வாசித்தேன். நடந்தது ஒரே ஒரு விபத்து. ஓட்டியவர் இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்பவர். வாகனம் மட்டும் கனடாவில் இருக்கும் தமையனுடையது.

"கார் கனடாக்காரன்ரை எண்டா விபத்தும் கனடாக்காரன்ரையோ? நான் லண்டனிலை பஸ் ஓட்டினனான். எந்த றோட்டிலையும் ஓட்டுறவன்தான் பொறுப்பு."

திருத்தம் போடுவதாகச் சொன்னோம். அது வெளிவரும் வரை அவர் விடவில்லை. வெளிவந்த அன்று மீண்டும் வந்தார். நன்றி சொல்ல வந்தார் என்று நினைத்தேன். "சரியாய்த்தான் போட்டிருக்கிறியள். ஆனா ஒண்டு, வெளிநாட்டு ஆக்கள் எண்டு நாங்களும் குறைஞ்ச ஆக்கள் இல்லை. ஹோர்ன் அடிச்சுக்கொண்டு ஒழுங்கைக்குள்ளை பறக்கிறவையும் இருக்கினம். அதையும் எழுது, பேர் ஊர் விசாரிச்சு எழுது" என்றார். அன்று தொடங்கியது எங்கள் பழக்கம்.

ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பியபோது பெரிய ஜீப் ஒன்று வாங்கும்படி சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்களாம். லண்டனிலிருந்து வந்தவர் ஒரு மதிப்போடு திரிய வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அவர் வாங்கியது பழைய டொல்பின் வான். அதைத் திருத்துவதற்காக மருதனார்மடம் பக்கத்துக் கறாச் ஒன்றுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். கறாச்காரர் வானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ட்றைவர் எங்கை அம்மா? அவரோடை கதைச்சாத்தான் சரிவரும்" என்றார்.

"ட்றைவர்தான் கதைக்கிறன். மூண்டாவது கியர் விழ அடம்பிடிக்குது. கிளச்சைப் பாருங்கோ."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். பின்னர் அவர்கள் இருவரும் நல்ல நண்பர்களானார்கள். அந்த வானில்தான் அயலில் இருந்த வயதானவர்களையும் நோயாளிகளையும் கிளினிக் நாட்களில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினார். முதலில் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர். பிறகு ஒழுங்கை முழுவதும். முன்னாசனத்தில் யார் இருப்பது என்று ஏறுபவர்களுக்குள் வரும் வழக்கை, வாந்தி வருபவருக்கே முன்னாசனம் என்று தீர்த்து வைத்தார்.

தான் பார்த்த வேலையை அவர் ஒருநாளும் மெருகிட்டுச் சொன்னதில்லை. ஒரு கலியாண வீட்டில், அவரது உறவினர் ஒருவர் மாப்பிள்ளை பகுதிக்கு அவரை அறிமுகப்படுத்தி, "இவ லண்டனிலை போக்குவரத்துத் துறையிலை பெரிய பதவியிலை இருந்தவ" என்றார். அக்கா கையிலிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு, "பதவியெண்டு ஒண்டுமில்லை. பஸ் ஓட்டினனான். பெரிய பஸ், அதுமட்டும் மெய்" என்றார். அதற்குப் பிறகு அந்த மேசையில் எல்லோரும் தங்கள் பிள்ளைகள் வெளிநாட்டில் உண்மையாக என்ன வேலை செய்கிறார்கள் என்று மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினார்கள். மீன் தொழிற்சாலை, கடைக் காசாளர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு. அவ்வளவு கலகலப்பான கலியாண மேசையை நான் கண்டதில்லை.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். பெற்றோரின் காணியில் கூரையில்லாமல் நின்ற பழைய சுவர்களை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவெடுத்தார். லண்டனிலிருந்தபடியே காசனுப்பிக் கட்டுவிக்கலாம் என்று பலர் சொல்லியும் கேட்கவில்லை. இங்கே வந்து வாடகை அறையில் இருந்துகொண்டு தினமும் வேலை நடக்கும் இடத்தில் நின்றார். தவம் அண்ணைக்கும் அவருக்கும் முதல் சண்டை மாடியைப் பற்றியது.

"அக்கா, வெளிநாட்டு ஆக்கள் மாடி வைக்காமல் கட்டினதை இந்த ஊரிலை நான் காணேல்லை. சனம் என்னையெல்லோ குறை சொல்லும்."

"மேலை ஏறி நான் ஆரைப் பாக்க, தவம்? எனக்கு முழங்கால் நோ. வாசலிலை படியும் வேண்டாம், சரிவு வை. குளியலறையிலை பிடிக்கிறதுக்குக் கம்பி வை. நான் கிழவியாகி இருக்கப்போற வீடு இது."

மழை வந்து வேலை பிந்தியபோது கத்தினார்கள். குசினி யன்னல் எந்தப் பக்கம் என்பதில் கத்தினார்கள். ஒருமுறை தவம் அண்ணை கோபித்துக்கொண்டு போய், மறுநாள் காலை ஒன்றும் நடக்காதது போல வந்து சாந்து குழைத்தார். வீடு எழும்பியது. வெள்ளைச் சுவரும் அகன்ற விறாந்தையும் சரிவு வைத்த வாசலுமாக, இன்றைக்கும் உடுவிலில் எனக்குப் பிடித்த வீடு அதுதான்.

அந்த வீட்டுக்குத்தான் கஜன் வந்தான். குருநகரில் பிறந்து பாரிசில் வளர்ந்த இளைஞன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஊர்க் காட்சிகளை எடுத்து யூரியூப்பில் போடுபவன். திரும்பி வந்தவர்களின் வாழ்க்கை என்று ஒரு தொடர் செய்வதாகச் சொன்னான். அக்கா விறாந்தைக் கதிரையில் இருந்து நெடுநேரம் பேசினார். அவர் சொன்ன ஒரு வசனம் இது: "மேசன்மார் ஏமாத்துவினம், பொருளைக் களவெடுப்பினம், அரைவாசியிலை விட்டிட்டுப் போவினம் எண்டுதான் லண்டனிலை எல்லாரும் எனக்குச் சொன்னவை. நான் இஞ்சை வந்து நிண்டு கண்டது வேறை."

காணொளி வந்தபோது கடைசி வரி இல்லை. அதற்கு முன் வந்த "எண்டுதான் லண்டனிலை எல்லாரும் எனக்குச் சொன்னவை" என்பதும் இல்லை. மேசன்மார் ஏமாற்றுவார்கள், களவெடுப்பார்கள், அரைவாசியில் விட்டுப் போவார்கள் என்று அக்காவே சொல்வது போல இருந்தது. பின்னணியில் சோகமான வீணை. பக்கத்தில் தவம் அண்ணை சாந்துக் கரண்டியோடு நிற்கும் காட்சி. ஊரில் வீடு கட்டி ஏமாந்த லண்டன் அக்கா என்று தலைப்பு.

அக்காவுக்கு அது உடனே தெரியவில்லை. தவம் அண்ணை தன் பலகைகளை எடுத்துப்போக வந்தபோதுதான் தெரிந்தது. மதில் வேலை இன்னும் மிச்சம் இருந்தது.

"ஏன் தவம், மதில் ஆர் கட்டுறது?"

"ஏமாத்துறவனைக் கொண்டு ஏன் அக்கா கட்டுவிக்கிறியள்?" என்றார் அவர். குரல் உயரவில்லை. "என்னட்டை வீடு கட்டித் தரச் சொல்லிக் கேட்ட கனடாக்காரர் இப்ப வேண்டாமாம். சுவிஸ்காரியும் யோசிச்சுச் சொல்லுறாவாம். என்ரை மனிசியும் அந்த வீடியோவை ரெண்டு தரம் பாத்திட்டா."

நான் அன்று மாலை போனபோது அக்கா விறாந்தையில் நடந்துகொண்டிருந்தார். எங்கள் பத்திரிகையில் மறுப்பு எழுதலாம் என்றேன்.

"போடு. கட்டாயம் போடு. ஆனா பிள்ளை, சுவிசிலை இருக்கிறவ உங்கடை பேப்பரை வாசிக்கப்போறாவோ? எங்கை பழுது வந்ததோ அங்கைதான் திருத்த வேணும்."

மறுநாள் தவம் அண்ணையிடம் இலக்கங்களை வாங்கி, அவர் முன்னாலேயே கனடாக்காரரை அழைத்தார். தொலைபேசியில் முகம் தெரிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தையை நான் மறக்கமாட்டேன்.

"தம்பி, நான்தான் அந்த ஏமாந்த அக்கா கதைக்கிறன். நான் ஏமாறேல்லை."

எதிர்முனையில் இருந்தவர் நம்பவில்லை. "அக்கா, உங்களுக்குப் பக்கத்திலை ஆரும் நிண்டு சொல்லச் சொல்லீனமோ? பயப்பிடாதேங்கோ" என்றார். பேசும் மனுசியை விட வெட்டி ஒட்டிய படத்தை அவர் நம்பினார். அக்கா தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். அறை அறையாகக் காட்டினார். குசினிச் சுவரில் மயிரிழை போல ஓடிய வெடிப்பையும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார்.

"இதை ஏன் அக்கா காட்டுறியள்?" என்று தவம் அண்ணை மெல்லக் கேட்டார்.

"இருக்கிறதைக் காட்டினாத்தான் மிச்சத்தை நம்புவினம்."

கனடாக்காரர் கடைசி வரை மனம் மாறவில்லை. அடுத்து அழைத்து அதேபோல வீட்டைக் காட்டியபோது, சுவிசில் இருந்த பெண்மணி மாறினார். "அந்த வெடிப்பைக் காட்டினதாலைதான் அக்கா நம்புறன். வாற மாசம் அத்திவாரம் வெட்டச் சொல்லுங்கோ" என்றார். தவம் அண்ணை எழுந்து வெளியே போய், வளவுக்குள் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார்.

அத்தோடு அக்கா நிறுத்தவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வானை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனார். நானும் ஏறிக்கொண்டேன். கஜன் அவனுடைய பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தான். அந்த அம்மா எங்களை இருத்திச் சோடா உடைத்துத் தந்தார். கஜன் முதலில் சிரித்துச் சமாளித்தான்.

"அக்கா, உங்களை நான் குறைவாய் ஒண்டும் காட்டேல்லை. நல்லதைச் சொன்னா ஆரும் பாக்கினமில்லை. வெளியிலை இருக்கிற எங்கடை சனத்துக்கு ஊர் அழியுது எண்டு சொன்னாத்தான் பாப்பினம்."

"நான் பஸ் ஓட்டேக்கை, ஆக்கள் பாக்கினமோ எண்டு பாத்து பிறேக் பிடிக்கேல்லை, தம்பி. உள்ளுக்கை இருக்கிற சனம் விழாமல் இருக்கத்தான் பிடிச்சனான். உன்ரை வீடியோவுக்குள்ளை தவம் எண்டு ஒரு மனிசன் இருந்தவர். நீ அவரை விழுத்திப்போட்டாய்."

அக்கா குரலைத் தணித்தார். "நான் உன்னோடை சண்டை பிடிக்க வரேல்லை. நீ எடுத்த முழுவதையும் ஒருக்காப் போடு. பெரியம்மாவும் இருந்து பாக்கட்டும்."

அவன் மடிக்கணினியைத் திறந்தான். மாடிச் சண்டையையும், தவம் அண்ணை கோபித்துப் போய்த் திரும்பி வந்ததையும் அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னது அந்தச் சின்ன வரவேற்பறையில் ஓடியது. முடிந்ததும் பெரியம்மா கேட்டார்: "எடேய், இவ்வளவு வடிவாய்ச் சொல்லியிருக்கிறா. நீ ஏன் நடுவிலை நிப்பாட்டினனீ?"

பாரிசுக்குத் திரும்புவதற்கு முன் கஜன் பழைய காணொளியை எடுத்துவிட்டு முழுவதையும் போட்டான். தவறாக வெட்டியதாக அதன் தொடக்கத்தில் தானே சொன்னான். முதலாவதைப் பார்த்தவர்களில் சிறு பங்கினரும் இதைப் பார்க்கவில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை. "தேடி வாறவைக்கு உண்மை அங்கை இருக்கு. இவ்வளவு நாளும் அதுவும் இருக்கேல்லையே" என்றார். மறுவாரம் தவம் அண்ணை மதில் கட்டத் தொடங்கினார்.

இறுதி நிகழ்வுக்கு லண்டனிலிருந்து அக்காவின் தங்கை சுகிர்தா வந்தார். அவர் அனுப்பிய மரண அறிவித்தல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, உடுவிலைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்டவர் என்று இருந்தது. நம் அறிவித்தல்களில் வழக்கமாக வரும் வசனம்தான். நான் அவரை அழைத்து அதை வாசித்துக் காட்டினேன்.

"முப்பது வருசத்துக்குக் கிட்ட லண்டனிலைதானே இருந்தவ?" என்றார்.

"ஓம். ஆனா கடைசியாய் இருந்தது இஞ்சை."

பிறகு சுகிர்தாவே சொன்னார்: "நான் ஒவ்வொரு கிழமையும் ரெலிபோன் எடுத்து, எப்ப வீட்டை வாறாய் எண்டு கேக்கிறனான். வீட்டிலைதான் இருக்கிறன் எண்டு சொல்லுவா. நான் பகிடி எண்டு நினைச்சிட்டன். மாத்துங்கோ. உடுவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் எண்டு போடுங்கோ. லண்டனிலை வேலை செய்தவ எண்டும் போடுங்கோ. பஸ் ஓட்டினவ எண்டு."

அப்படியே அச்சாகியது.

வான் ஓடுகிறது. அயலில் ஓட்டத் தெரிந்தவர்கள் முறை வைத்துக் கிளினிக் நாட்களில் ஓட்டுகிறார்கள். முன்னாசனச் சட்டம் இன்றும் அதேதான். ஆனால் அது ஊருக்கு அவர் விட்டுப்போனது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது வேறொன்று. ஒருவர் சொன்னதை எழுதி முடித்ததும் அச்சுக்குப் போகுமுன் அவரை அழைத்து முழுவதையும் வாசித்துக் காட்டுகிறேன். அலுவலகத்தில் முணுமுணுப்பார்கள், நேரம் போகிறது என்பார்கள். போகட்டும்.

சென்ற வாரம் தெல்லிப்பழைப் பக்கத்தில் மழைவெள்ளத்தில் வெங்காயம் அழிந்த கமக்காரர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றார். பிறகு, "பிள்ளை, கடைசியாய் ஒண்டு சொன்னனான். அதை விட்டிட்டியள்" என்றார். இடம் போதவில்லை என்று பக்கம் அமைப்பவர் அதை எடுத்திருந்தார். நான் படத்தைச் சிறிதாக்கச் சொன்னேன். அவருடைய கடைசி வசனம் உள்ளே போகும் வரை மேசையை விட்டு எழும்பவில்லை. மறுநாள் காலை பத்திரிகையில் அது இருந்தது: "தண்ணி வத்த, திரும்ப நடுவன்."