கடைவாய் வரை தெளிவு

என் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். வாயைத் திறந்தவர்களைப் படம் பிடிப்பதும் அவள் வேலைதான். பல் செய்து தருகிறவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நிறமும் வடிவமும் பொருத்துவார். அவள் எடுத்த படங்களிலோ முன்பல் முத்தாக இருக்கும், கடைவாய்ப் பல் கலங்கிய தண்ணீருக்குள் கிடக்கும். "திங்கக்கிழமையும் இப்படியே எடுத்தா, கேமராவை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேம்மா" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

அந்தக் கேமரா என்றால் அவளுக்கு உயிர். என் சட்டைக்குப் பொத்தான் தைக்கச் சொன்னால், "நீங்கதானே டைலர்?" என்பாள். கேமராவை மட்டும் ஊதி ஊதித் துடைப்பாள்.

பழகிப் பார்க்க அதை வீட்டுக்கே கொண்டு வந்தாள். மாதிரிக்கு ஒரு வாய் வேண்டுமே! தையல் மெஷினை நிறுத்திவிட்டு 'ஆ' என்று உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த மங்கல் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளாகவே நான் இடது பக்கம் மெல்லுவதில்லை. சொன்னால் டாக்டரின் நாற்காலியில் படுக்க வைத்துவிடுவாள் என்று பயந்து மறைத்திருந்தேன்.

எத்தனை எடுத்தும் மங்கல்தான். சலித்துப்போய்க் கண்ணாடியைக் கழற்றியவள், கையைக் குவித்து அதன் சின்ன இடுக்கு வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்ன பண்றே?"

"கண்ணாடி போடலைன்னா எனக்கு முள்ளே தெரியாதுங்க. ஆனா இந்த ஓட்டை வழியா தெரியுது! ஓட்டை சின்னதாக ஆக, தெளிவு கூடுது." சட்டென்று நிமிர்ந்தாள். "லென்ஸுக்குள்ளயும் ஒரு ஓட்டை இருக்கே! முகம் அழகா விழும்னு அதைப் பெரிசாவே வெச்சிருக்கேன்."

கேமராவைத் திருகினாள். "ஓட்டை சின்னதாகணும்னா நம்பரை ஏத்தணுமாம். என்ன கூத்து இது?"

"நூலும் அப்படித்தான். நம்பர் ஏற ஏற மெலிசாகும்" என்றேன். என்னையும் ஒரு ஆளாக மதித்துப் பார்த்தாள்.

இரண்டு புள்ளி எட்டில் இருந்ததை இருபத்திரண்டுக்கு ஏற்றினாள். படம் ஒரே இருட்டு. ஓட்டையை அடைத்தால் வெளிச்சம் எங்கிருந்து வரும்? வெளிச்சம் சேரட்டும் என்று ஷட்டரை மெதுவாக்கினாள். என் தாடை நடுங்கியதில் பற்களெல்லாம் இரட்டையாக விழுந்தன. குறைந்த வெளிச்சத்திலும் படம் விழவைக்கும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றியதும் மணல் தூவியது போலாகிவிட்டது. கடைசியில் பிளாஷைப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று அமுக்கினாள்.

முன்பல்லிலிருந்து கடைசிப் பல் வரை பளிச்சென்று விழுந்தது. அவள் துள்ளியதைப் பார்த்து எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வரைதான் அந்தச் சந்தோஷம்.

"இதென்னங்க, கடைவாய்ல இவ்வளவு பெரிய ஓட்டை?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயைத் திறந்து காட்டியே கெட்டேன்.

திங்கட்கிழமை என்னையும் இழுத்துப் போனாள். டாக்டர் படத்தை உற்றுப் பார்த்தார். "பிரமாதம்மா! கேமரா உன்கிட்டயே இருக்கட்டும். சரி, இது யாரோட வாய்?"

வாசலில் மெல்லச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னைக் கை காட்டினாள்.