ஹங்கேரிக்காரர் வீட்டுக்குப் பதினொரு சாமந்தி

1997 மே மாதம், புதன்கிழமை. ஆக்லாந்தில் இறங்கிய அரை மணி நேரத்துக்குள் என் தலையில் இருந்த பூவைப் பிடுங்கிக்கொண்டார்கள். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கி வைத்த இரண்டு முழம் மல்லிகை. வெளிநாட்டுப் பூ உள்ளே வந்தால் பூச்சியும் வருமாம். கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதை வாங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். ஏதோ கடத்திவந்தவளைப் போல வெறுந்தலையோடு வெளியே வந்தேன்.

நான் திருப்பூர்க்காரி. நானும் வீட்டுக்காரரும் குழந்தைகளுக்கான பருத்தி இரவு உடை தைக்கிற சின்னக் கம்பெனி நடத்துகிறோம். இருபத்திரண்டு மெஷின், இருபத்திரண்டு பெண்கள். இத்தனை காலம் ஒரு பெரிய ஏற்றுமதிக்காரருக்குத் தைத்துக் கொடுத்தோம். அவர் சொந்தமாகவே தையல் கூடம் போட்டுவிட்டார். தீபாவளிக்குள் நேரடி ஆர்டர் ஒன்று பிடிக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் வராது. அதனால் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பினேன்.

தங்கியது ஆக்லாந்தின் புறநகரான பாபகூராவில், சிவமலர் வீட்டில். யாழ்ப்பாணத்துப் பெண். அவள் தங்கை திருப்பூரில் எங்கள் பக்கத்து வீடு. சிவமலர் மவுண்ட் வெல்லிங்டன் என்ற ஆக்லாந்துப் பகுதியில், துணி இறக்குமதி செய்யும் ஒரு ஹங்கேரிக்காரரிடம் கணக்கு எழுதுகிறாள். அவரைப் பார்ப்பதுதான் என் பயணத்தின் பாதிக் காரணம்.

மீதிக் காரணம் நியூ லின் என்ற இன்னொரு புறநகர். வியாழக்கிழமை ரயிலேறி, நகரத்தில் வண்டி மாறி, அங்கே ஒரு குழந்தை உடைக் கடைக்குப் போனேன். ஒரு பெட்டி முழுக்க ஏழே பேர். நம் ஊரில் ரயில் இப்படிக் காலியாக வந்தால் ஏதோ கலவரம் என்று அர்த்தம். கடை மானேஜர் என் கார்டைப் பார்த்துவிட்டு, முதலில் இருந்த அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டு, "ஹலோ சுப்பிரமணியம்" என்றார். எதை எடுத்துக் காட்டினாலும் அருமை என்றார். காபி கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஆர்டர் கைக்கு வந்துவிட்டதென்று மிதந்துகொண்டே திரும்பினேன்.

சிவமலர் சிரித்தாள். "அவை அப்பிடித்தான் அக்கா. இஞ்ச ஆரும் முகத்துக்கு நேர வேண்டாம் எண்டு சொல்லமாட்டினம். போன் வந்தால்தான் உண்டு."

போன் வரவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை மவுண்ட் வெல்லிங்டன். கிடங்குகளுக்கு நடுவே ஒரு மாடி அலுவலகம். அந்த ஹங்கேரிக்காரர் லாஸ்லோவுக்கு வயது எழுபதை நெருங்கும். 1956இல் ரஷ்யப் படை நுழைந்தபோது எல்லை தாண்டி ஓடிவந்த தையல்காரர். கார்டைப் படித்து, "இதில் கடைசியில் இருப்பதுதானே உங்கள் பெயர்? நாங்களும் குடும்பப் பெயரைத்தான் முதலில் எழுதுவோம்" என்றார். பரவாயில்லையே என்று நினைத்து, குலுக்கக் கையை நீட்டினேன். மனிதர் குனிந்து என் கையில் முத்தம் வைத்துவிட்டார்.

சுடுசட்டியைத் தொட்டவள் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டேன். முகமெல்லாம் எரிந்தது. சிவமலர் சுவரிலிருந்த காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாட்டு வயதானவர்கள் பெண்களுக்குக் காட்டும் மரியாதை அது என்று பிறகு தெரிந்தது. பெண்கள் யாராவது அவர்களோடு வியாபாரம் பேசப் போனால் முன்கூட்டியே மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

அதன்பின் இரண்டரை மணி நேரம் என் சாம்பிள்களை உரித்துப் போட்டார். உள்பக்கம் திருப்பினார், தையலை இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார். "கழுத்து மோசம். பொத்தான் துளை மோசம். கை வெட்டு மகா மோசம்." நடுநடுவே என் வயதென்ன, புருஷன் ஏன் வரவில்லை, அவருக்கு உடம்பு சரியில்லையா, தைக்கிறவர்களுக்கு என்ன கூலி என்று விசாரணை வேறு. திருப்பூரில் ஒருவன் இப்படிப் பேசியிருந்தால் நடப்பதே வேறு. கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"பிடிக்கலேன்னா சொல்லிருங்க. நான் பெட்டியைக் கட்டிக்கிறேன்" என்றேன், எனக்கு வந்த இங்கிலீஷில்.

அவர் நிஜமாகவே திகைத்தார். "பிடிக்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் அனுப்பியிருப்பேனே. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன்."

காரில் சிவமலர் பாடம் நடத்தினாள். "வீட்டை கூப்பிட்டிட்டார், இனிப் பயமில்லை அக்கா. சாப்பாட்டில வியாபாரம் கதைக்கக்கூடாது. பியர் கிளாஸை மற்றவையின்ர கிளாஸோட முட்டக்கூடாது, அது அவையின்ர ஊர் வழக்கம்." மோரைத் தவிர வேறெதுவும் குடிக்காதவளிடம் இதைச் சொன்னாள். "அவரின்ர மனிசிக்குப் பூ கொண்டு போகோணும். ஒற்றை எண்ணிக்கையில. இரட்டையெண்டால் செத்தவைக்காம்."

ஞாயிற்றுக்கிழமை அங்கே அன்னையர் தினம். ஒவ்வொரு டெய்ரி வாசலிலும், அதாவது தெருமுனைக் கடை வாசலிலும், வாளி வாளியாக வெள்ளைச் சாமந்தி. பார்த்ததும் எனக்கு நம் வீட்டுப் பூஜையறை ஞாபகம் வந்தது. இதைவிட மங்கலமாக என்ன வேண்டும்? பதினொன்று எண்ணி எடுத்தேன். எட்டு டாலர், இருநூறு ரூபாய். அந்தக் காசுக்கு நம் ஊரில் கூடையோடு வாங்கலாம்.

லாஸ்லோவின் மனைவி எர்ஷி எனக்கும் சிவமலருக்கும் கதவைத் திறந்தார். சிரித்த முகம் பூவைப் பார்த்ததும் வெளுத்துவிட்டது. நீட்டிய என் கை நீட்டியபடியே நின்றது. அவர் வாங்கவில்லை.

லாஸ்லோதான் சொன்னார், வழக்கம்போல நேராக. "இது எங்கள் ஊரில் கல்லறைக்கு வைக்கும் பூ."

விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டு வாசலில் சாவுப் பூவோடு நிற்கிறேன். இருபத்திரண்டு பெண்களின் முகமும் வரிசையாக வந்துபோயிற்று. "ஐயோ அக்கா, எனக்கும் தெரியாது. இஞ்ச அம்மாமாருக்கு இதைத்தானே குடுக்கினம்" என்று சிவமலர் முணுமுணுத்தாள். கடைக்காரன்மேல் பழி போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போடவில்லை. தப்பு என்னுடையது, எங்கள் வீட்டில் இது சாமிக்கு வைக்கும் பூ, அந்த நினைப்பில் எடுத்துவிட்டேன் என்றேன்.

பூ வாசற்படியிலேயே கிடந்தது. உள்ளே சாப்பாடு. எனக்காக இறைச்சி போடாத உருளைக்கிழங்குக் கறியும் வெள்ளரிக்காய்ப் பச்சடியும் செய்திருந்தார்கள். நான் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

காபி வந்தபோதுதான் எர்ஷி வாயைத் திறந்தார். "சாமிக்கு மட்டும்தானா?"

"அம்மா படத்துக்கும் வைப்பேன். அம்மா இல்லை."

அவர் எழுந்து வெளியே போய்ப் பூவை எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய அம்மாவும் இல்லை. எர்ஷி ஓடிவந்த சில வருடங்களில் ஹங்கேரியிலேயே இறந்துபோனார். அடக்கத்துக்குப் போக வழியில்லை. "இங்கே எங்களுக்குக் கல்லறை கிடையாது. நாற்பது வருடமாக இந்தப் பூவை நான் வாங்கியதே இல்லை" என்றார். அலமாரிமேல் இருந்த சின்னப் படத்தின் முன்னால் ஜாடியில் பத்தை வைத்தார். பதினொன்றாவதை என்னிடம் நீட்டினார். "அவளுக்கு இரட்டை. ஒற்றை உயிரோடிருப்பவர்களுக்கு."

நான் காம்பைக் கிள்ளி அதைத் தலையில் செருகிக்கொண்டேன். பூ கொடுத்தால் வேறென்ன செய்வது? எர்ஷி வாயைப் பொத்திக்கொண்டார். கல்லறைப் பூவைத் தலையில் வைத்த ஒருத்தியை அவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை அதே பூவோடு மவுண்ட் வெல்லிங்டன் போனேன். இந்தமுறை லாஸ்லோ கையைக் குலுக்கியதோடு நிறுத்திக்கொண்டார். "கை வெட்டு இன்னும் மோசம்தான். மாற்றித் தையுங்கள். மூவாயிரம் பீஸ்" என்றார். காதில் விழுந்ததை நம்பாமல் ஏன் என்று கேட்டுவிட்டேன். "துணி கெட்டால் மற்ற வியாபாரிகள் மழை என்பார்கள், கப்பல் என்பார்கள். நீங்கள் வாசலில் நின்று தப்பு என்னுடையது என்றீர்கள். அப்படிப்பட்டவரோடு வேலை செய்யலாம்."

அன்று மாலை பாபகூராவிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"எல்லாமே மோசம்னு சொன்னாருங்க" என்றேன்.

"அப்ப கெளம்பி வா, பாத்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"மூவாயிரம் பீஸ் ஆர்டருங்க."

அந்தப் பக்கம் ரிசீவர் நழுவி விழுந்த சத்தம். லைன் போய்விட்டதோ என்று இரண்டுமுறை கூப்பிட்டேன்.

இப்போது திருப்பூரில் வெள்ளிக்கிழமை பூக்காரம்மா வந்தால், சாமிக்கும் அம்மாவுக்கும் வாங்கியதுபோக, தனியாக இரண்டு வெள்ளைச் சாமந்தி கேட்டு வாங்குகிறேன். அது யாருக்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். ஹங்கேரியில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு, பேரைக் கேட்க மறந்துவிட்டேன் என்றேன். இருபத்திரண்டு மெஷினும் ஓடுகிற சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ.