குளத்துக்குள் போன ஈயம்

கர்ப்பிணியான என் மகள், எங்கள் வயற்கரைக் குளத்து விராலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சேற்று வாடை என்னைச் சிறுபராயத்துக்கு இழுத்துச் சென்றது.

அதே குளக்கரையில் என் சித்தப்பா வீச்சுவலைக்கு ஈயக்குண்டு வார்ப்பார். பழைய லொறி பற்றறிகளை உடைத்து, ஈயத்தை இரும்புச் சட்டியில் உருக்குவார். அந்தப் புகை நாவில் இனிப்பாகப் படியும். மிஞ்சிய கசடெல்லாம் குளத்துக்குள் போகும்.

"உதைத் தண்ணிக்கை கொட்டாதேங்கோப்பா, மீன் தின்னுறமெல்லே!" என்று சின்னம்மா சத்தமிடுவார்.

"கரையிறதுக்கு ஈயமென்ன சீனியே?" என்பார் சித்தப்பா. நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

அது கரையும் என்பதையும், சேற்றிலிருந்து மீனுக்கும், மீனை உண்ணும் தாயிடமிருந்து கருவுக்கும் ஏறும் என்பதையும் முதுமையில்தான் அறிந்தேன். செம்பில் களிம்பு போல உயிரைப் பற்றிய ஆணவ மலம் நீங்க நாள்தோறும் தேவாரம் பாடி உருகிய நாங்கள், குளத்தைப் பற்றிய நஞ்சை நினைக்கவேயில்லை.

"உதைக் காய்ச்சாதை, பிள்ளை. உந்தக் குளத்துக்கை ஈயம் கிடக்குது" என்றேன் மகளிடம்.

"மஞ்சளும் உப்பும் போட்டு வடிவாக் கழுவிப்போட்டன், அப்பா."

"கழுவினாப் போகாது. அது தசைக்குள்ளை ஊறியிருக்கும்."

அவள் மீன்சட்டியைக் கையில் எடுத்தாள்.

"அப்ப பூனைக்கு வைக்கட்டே?"

வாசற்படியில் பூனை காத்துக் கிடந்தது.

"வேண்டாம், பிள்ளை. அதுவும் வயித்திலை குட்டியோடை நிக்குது."